வடிநீர்

பகலெல்லாம் காற்றிலிருந்து ஈரத்தைப் பிடுங்குவது என் வேலை.
மண்ணடியில் நாலு, ராயபுரத்தில் மூணு.
ஏணிமேல் நின்று, அடைத்த டிரெயின் குழாயை வாயால் ஊதினால்
கருத்த சளிபோல் ஒன்று வந்து விழும்,
பின்னாலேயே தெளிந்த தண்ணீர்.
யாருக்கும் வேண்டாத தண்ணீர்.
கொருக்குப்பேட்டை போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைக்கோடு போடும்.
இது நாக்கில் வைத்தால் ஒன்றுமே சொல்லாது.
இரண்டு லிட்டர் கேனில் பிடித்து
ஸ்பேனர் பையோடு மாட்டிக்கொண்டு வருவேன்.

ஜாடி, டீக்கடை டில்லிபாபு கொடுத்தது.
மூடியின் குமிழ் உடைந்த பிஸ்கட் ஜாடி.
மூன்று தரம் கழுவியும் வெண்ணெய் வாசம் போகவில்லை.

அடியில் ஜல்லி.
துறைமுகத்துக் கரித்தூள் விடும்வரை அலசின ஜல்லி.
அதன்மேல் இஸ்திரி வண்டி கோதண்டத்திடம் வாங்கிய
அணைந்த கரி ஒரு பிடி, இடித்து.
மண் கீழே இறங்காமலிருக்க
கிழிந்த கொசுவலையில் ஒரு வட்டம்.
பிறகு தேங்காய்நார்த் தூளும் மணலும்.

பாசிக்கு அலையவில்லை.
எந்தச் சந்தின் பின்சுவரில் எந்த ஏசி சொட்டுகிறதென்று
எனக்குத் தெரியாதா.
நான் சரிசெய்யாமல் விட்ட கசிவின் கீழ்தான்
நல்ல பாசி.

பெரணி, ரயில்வே பாலத்து வளைவின் வெடிப்பிலிருந்து.
வெள்ளை நரம்போடிய ஃபிட்டோனியா ஒரு பேங்கில் இருந்தது,
போன சித்திரையில் நான் மாட்டிய இரண்டு டன்னுக்கு நேர் கீழே,
ஓரமெல்லாம் கருகி.
கேட்டேன். "எடுத்துட்டுப் போங்க" என்றார்கள்,
தூக்கிப்போட ஆள் கிடைத்த நிம்மதியில்.

"இன்னாயா இது," என்றாள் ரோசலின்,
"நாமளே ஒரே ரூம்ல மூச்சு முட்டிக் கெடக்கறோம்,
நீ செடியப் புடிச்சி பாட்டில்ல அடைக்கறே."

முதல் தடவை ஒரு டம்ளர் ஊற்றிவிட்டேன்.
தாகத்துக்குக் கொடுப்பதுபோல், நிரம்ப.
மூன்றாம் வாரம் பஞ்சுபோல் பூஞ்சணம்;
மூடியைத் திறந்தால் ஊரிலில்லாதவர் வீட்டுப் பழஞ்சோற்று நாற்றம்.
ஃபிட்டோனியாவின் தண்டு விரலில் கூழாக வந்தது.
நுனியில் ஒரே ஒரு கிளை மட்டும் கெட்டியாயிருந்தது.
கிள்ளி வைத்தேன்.

இரண்டாம் தடவை ஐந்து ஸ்பூன்.
எண்ணித்தான் ஊற்றினேன்.
கண்ணாடி காலையில் வேர்க்கணும், மதியம் தெளியணும்;
தெளியவில்லையென்றால் ஒரு மணிநேரம் மூடியைத் திற.
மேற்கு ஜன்னலில் வைத்தால் வெந்து குழம்பாகும்;
வாஷ்பேசின் பக்கம், வெயில் வராத வெளிச்சத்தில் வை.
இலை கண்ணாடியைத் தொட்டால் நறுக்கு.
உரம் போடாதே, அதுபாட்டுக்கு மெதுவா வளரட்டும்.
இதையெல்லாம் கம்ப்ரசர் அட்டையின் பின்னால்
எழுதி ஒட்டியிருக்கிறேன், சர்வீஸ் தேதி மாதிரி.

ஒரு நாள் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் துள்ளின.
பூச்சிமருந்தைக் கையிலெடுத்துவிட்டேன்.
நல்லவேளை, கொஞ்சம் பார்த்தேன்:
மிச்சப் பூஞ்சணத்தை மேய்ந்துகொண்டிருந்தன.
சுவர்ப் பாசியோடு வந்த வேலைக்காரர்கள்,
சம்பளம் கேட்காதவர்கள்.
மருந்தைத் திரும்ப வைத்தேன்.

மே மாதம். ராத்திரி பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
மணலிப் பக்கத்துக் காற்று நாறியது, பிறகு அதுவும் நின்றது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியிலிருந்து
ரோசலின் அப்போதுதான் வந்தாள்,
கைப்பையில் பாலிதீன் சுற்றிய ஐஸ்துண்டோடு.
செல்போன் வெளிச்சத்தில் ஜாடி முழுக்க வெண்புகை.
"சரியா கீதா, கெட்டுப்போச்சா?"
"தெரியல. இருட்டுல சொல்ல முடியாது."

ஐஸை எனக்குக் கொடுத்துவிட்டு
விறைத்த உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு உட்பக்கம், அவள் கை இருந்த இடத்தில் மட்டும்
பனி திரண்டு முத்து முத்தாகி,
சுண்டுவிரலடியில் முதல் சொட்டு நழுவி
பெரணியின் சுருண்ட புதுத்தளிரில் விழுந்தது.

"அட, ஏசி மாதிரி," என்றாள்.
கையை எடுக்கவில்லை.
என் விரலிடுக்கில் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது,
கேனைத் தேடினேன்.